பார்த்துவிட்டுப் பணம்

இதய அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்த அன்று மின்கோ வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்து, தன் படங்களை எடுத்து மேசையில் பரப்பினார். நான்கு இருந்தன. அடையாள அட்டைக்கு எடுத்ததில் போலீஸ் தேடும் ஆளைப் போல இருந்தார். ராணுவத்தில் எடுத்ததில் பத்தொன்பது வயது. இப்போதைய மின்கோவோடு ஒற்றுமை காதுகள் மட்டும். மே தின ஊர்வலத்தில் கடைசி வரிசை. நான்காவது ஒரு கல்யாண விருந்து. முள்கரண்டியில் ஓர் இறைச்சித் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"இதுல எதை ஒட்டுவே?" என்று மகளிடம் கேட்டார்.

நெவ்யானாவுக்குப் புரிந்தது. அவர்கள் ஊரான செவ்லியெவோவில் யாருக்கும் புரிந்திருக்கும். ஒருவர் இறந்தால் படத்தோடு ஒரு தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் சந்தை முனை மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். அதோடு விடமாட்டார்கள். நாற்பதாம் நாள் மறுபடி. ஆறாம் மாதம் மறுபடி. பிறகு வருஷா வருஷம், இருப்பவர்களுக்குப் பசை வாங்கத் தெம்பு இருக்கும்வரை. ஒவ்வொரு முறையும் அதே படம். உயிரோடு இருந்தபோது ஏறிட்டுப் பார்க்காத முகத்தைப் பேருந்து தாமதமாகும்போதெல்லாம் ஊர் நின்று பார்க்கும்.

மின்கோவின் மனைவி டோன்கா இறந்து ஒன்பது வருஷம். அப்போது அவசரத்தில் ஏதோ ஒரு விருந்துப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி எடுத்தார்கள். வெட்டியவன் கவனிக்கவில்லை, அவள் இடது தோளில் ஓர் ஆணின் கை தங்கிவிட்டது. மோதிரம் போட்ட கை. மின்கோ மோதிரம் போடுவதில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கையும் அவளோடு கதவில் இருக்கிறது. அது யாருடைய கை என்பதில் தெருவில் மூன்று கருத்துகள் உண்டு. மூன்றும் மின்கோவுக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே அவர் திட்டத்தில் குழப்பம் இல்லை. டிசம்பர் நாலாம் தேதி பிளெவென் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கிறார்கள். அதற்கு முன் ஒரு படம் வேண்டும். கோட்டு, டை, தனியாக, யார் கையும் இல்லாமல். ஊரில் இருந்த ஒரே ஸ்டுடியோவில் இப்போது நகம் தீட்டுகிறார்கள். நெவ்யானாவின் கைபேசி ஒருமுறை தொழிற்சாலைத் தரையில் விழுந்து, அன்றிலிருந்து எல்லோர் முகத்திலும் ஒரு விரிசலைக் காட்டியது. புதுக் கைபேசி வாங்கலாமே என்றதற்கு, பேசுவதற்கு வைத்திருக்கும் பொருளை வைத்து முகம் எடுக்கக்கூடாது என்றார் மின்கோ. நானூறு லெவா தருவதாகச் சொன்னார். படம் தனக்கு, கேமரா அவளுக்கு.

நெவ்யானாவுக்கு நாற்பத்து மூன்று வயது. குழாய்த் தொழிற்சாலையில் கசிவு பார்க்கும் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு குழாய். அவள் கணவன் ஜெர்மனிக்கு லாரி ஓட்டப் போய் அங்கேயே தங்கிவிட்டான்; அந்த ஒரு கசிவை மட்டும் அவள் பார்க்கத் தவறியிருந்தாள். இரண்டு வருஷமாகக் கேமரா வாங்க வேண்டும் என்று இருந்தாள். எதைப் படம் எடுக்கப்போகிறாய் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அதனால் வாங்கவில்லை. இப்போது பதில் இருந்தது. முப்பத்து நாலு நாளும் இருந்தது.

புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு உதவ இணையத்தில் ஒரு குழு உண்டு. பதினெட்டாயிரம் பேர், எல்லோரும் உதவுகிறவர்கள். நெவ்யானா அதில் எழுதினாள்: நானூறு லெவா இருக்கிறது, ஒரு வயதானவரின் முகம் எடுக்க வேண்டும், எந்தக் கேமரா வாங்கலாம்.

எழுபத்து மூன்று பதில் வந்தது. முதல் ஆள், உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டார். இரண்டாவது ஆள், நானூறுக்குக் கேமரா பற்றிய நல்ல புத்தகம் கிடைக்கும் என்றார். உள்ளே கண்ணாடி வைத்த கேமராவா வைக்காத கேமராவா என்று இருவர் சண்டை போட்டார்கள். அது அவர்களுக்குள் பழைய சண்டை என்று தெரிந்தது, ஒருவர் மற்றவரின் மைத்துனரைப் பற்றிப் பேசினார். கேமரா முக்கியமில்லை, லென்ஸ்தான் முக்கியம் என்றார் ஒருவர். லென்ஸ் முக்கியமில்லை, வெளிச்சம்தான் என்றார் இன்னொருவர். வெளிச்சமும் முக்கியமில்லை, பார்வைதான் என்று எழுதியவர், கூடவே தன் முக்காலியை விற்பதாகவும் எழுதியிருந்தார். பழைய சாதாரணக் கேமரா ஒன்றும் அதோடு வரும் சாதாரண லென்ஸும் போதும், முகம் தெரியும் என்று ஓர் ஆள் சொன்னான். அவனை யாரும் மதிக்கவில்லை.

பத்து நாள் இப்படிப் போயிற்று. அந்தப் பத்து நாளில் நெவ்யானா நிறையக் கற்றுக்கொண்டாள். தனக்கு முழு அளவு சென்சார் இல்லாமல் வாழ்க்கை இல்லை என்று கற்றுக்கொண்டாள். அதன் விலை மூவாயிரம் லெவா என்றும் கற்றுக்கொண்டாள். மின்கோ தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்பார்: "முடிவு பண்ணியாச்சா, இல்ல நான் படம் இல்லாமலே போகணுமா?"

கடைசியில் பழைய பொருள் விற்கும் பக்கங்களைத் திறந்தாள். அங்கே கேமராக்கள் கார்களைப் போலவே விற்கப்பட்டன. புகைபிடிக்காத வீட்டுக் கேமரா. இரண்டே கல்யாணம் பார்த்தது, அதில் ஒன்று சின்னக் கல்யாணம். காருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பது போல, கேமராவுக்கு எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். இது மட்டும் மின்கோவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவர் தோல் தொழிற்சாலைக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் பொருள் வாங்கி வைத்தவர். பிரிக்காத மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டதே இல்லை. தன் கல்யாணப் பதிவேட்டில்கூட மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை படித்துவிட்டுத்தான் போட்டார். டோன்கா பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

முதல் கேமரா கூரியரில் வந்தது. நாட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்பதால் கூரியர்காரர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பார்சலை அலுவலகத்திலேயே பிரிக்கலாம், பொருளை இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் பணம். பிடிக்காவிட்டால் போகவர கூரியர் செலவு பதினோரு லெவாவைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். மின்கோ இதைக் கேள்விப்பட்டபோது, நாடு முழுவதும் உருப்படாமல் போய்விடவில்லை என்றார்.

கூரியர் அலுவலகத்தில் இருந்த பெண் மிக்லேனா. மின்கோவின் பழைய கிடங்கு நண்பரின் மருமகள். அவள் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். பிரித்தார்கள். கேமரா இருந்தது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. நெவ்யானா விற்றவனை அழைத்தாள். விளம்பரப் படத்தில் இருந்த லென்ஸ் அழகுக்கு வைத்தது என்றான் அவன். மின்கோ ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார், பெட்டியை மூடினார், பதினோரு லெவா கட்டினார்.

வீட்டுக்கு நடந்தார்கள். பாலத்துக்கு வந்ததும் நின்றார்.

"அப்போ அங்கேயே எடுத்துப் பார்க்கலாம்."

"ஆமாப்பா. அதுக்குத்தானே."

"எடுத்த படம் யாருகிட்ட இருக்கும்?"

நெவ்யானாவுக்கு அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது. நினைவு அட்டை நம்முடையது என்றால் படம் நம்மிடம் இருக்கும் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மின்கோ தலையசைத்தார். நானூறு லெவாவுக்கு வாங்க இருந்த படம் பதினோரு லெவாவுக்கு வந்துவிட்டது. அவர் நடை கொஞ்சம் வேகமாயிற்று. இதய வைத்தியர் பார்த்தால் திட்டியிருப்பார்.

அப்படியென்றால் தன் கேமரா என்ன ஆவது என்று அவள் கேட்டாள். கேமரா உனக்கு என்றுதான் சொன்னேன், எப்போது என்று சொல்லவில்லை என்றார்.

இரண்டாவது பார்சல் வந்த நாளில் மின்கோ கோட்டும் டையும் போட்டுக்கொண்டார். அது அவர் அடக்கத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கோட்டு. தைத்து ஆறு வருஷம் ஆகிறது, வெளியே வந்ததில்லை. கூரியர் அலுவலகத்தில் நாற்காலி ஒன்றுதான், அது மிக்லேனாவுடையது. அவள் எழுந்து கொடுத்தாள். கட்டண அட்டவணை ஒட்டிய சுவருக்கு முன்னால் மின்கோ உட்கார்ந்தார். வரிசையில் ஐந்து பேர் இருந்தார்கள். பனிக்கால டயர் வாங்க வந்திருந்த ஒருவர், தன் பார்சலைக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திரைச்சீலை வாங்க வந்த ஓர் அம்மாள், யாருடைய பெட்டியிலிருந்தோ வெள்ளைத் தெர்மகோல் பலகையை எடுத்து மின்கோவின் மோவாய்க்குக் கீழே பிடித்தாள். தொலைக்காட்சியில் அப்படித்தான் செய்வார்களாம்.

இந்த முறை லென்ஸ் இருந்தது. குழுவில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன லென்ஸ். ஏழைகளின் வரம் என்று அதற்குப் பெயர். அது முன்னும் பின்னும் நகராது. படம் எடுப்பவர்தான் நகர வேண்டும். நெவ்யானா பின்னால் போனாள், வரிசை பின்னால் போயிற்று, டயர்க்காரர் வாசலுக்கு வெளியே போய்விட்டார். எடுத்தாள்.

படத்தைக் காட்டினாள். மின்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"காது எங்கே?"

"பின்னால மங்கலா இருக்குப்பா. அதுதான் அழகாம்."

"யாரு சொன்னது?"

"குழுவில."

"அவங்களுக்கெல்லாம் காது இருக்கா?"

மூக்கு நன்றாக விழுந்திருந்தது. கண்கள் இருந்தன. அதற்குப் பின்னால் எல்லாம் கரைந்து, மின்கோ மூடுபனியிலிருந்து தலையை நீட்டியது போல இருந்தார். குழுவில் இதற்காகத்தான் ஆட்கள் வீட்டை அடகு வைத்தார்கள். எழுபத்தாறு வருஷம் கூடவே வந்த காதுகளை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார் மின்கோ. படத்தை அழிக்கச் சொன்னார். அவர் பார்க்க அழிக்க வேண்டும். கிடங்கில் கழித்த பொருள் கணக்கில் இருக்கக்கூடாது.

பதினோரு லெவா.

மூன்றாவது கேமராவை நெவ்யானா யாரிடமும் கேட்காமல் தேர்ந்தெடுத்தாள். குழுவில் மதிக்கப்படாத அந்த ஆள் சொன்னது: பழைய சாதாரணக் கேமரா, அதோடு வரும் சாதாரண லென்ஸ். முந்நூற்று எண்பது. அது வந்தது நவம்பர் கடைசி வியாழக்கிழமை. வெயில் அடித்தது. அலுவலக ஜன்னலை மறைத்திருந்த பெட்டிகளை மிக்லேனா நகர்த்தி வைத்தாள். மின்கோவின் கால்சட்டை மடிப்புக் கொஞ்சம் கலைந்திருந்தது. கோட்டு இப்போது அவரோடு பழகிவிட்டிருந்தது. டயர்க்காரரும் வந்திருந்தார். தவறான அளவு டயர் அனுப்பியிருந்தார்களாம்.

மின்கோ உட்கார்ந்தார். டையைச் சரிசெய்தார். எதையோ குறை சொல்ல வாயைத் திறக்கப் போனவர், சொல்லாமல் விட்டார். அந்த நொடியில் நெவ்யானா அழுத்தினாள்.

டயர்க்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, இது நீங்களேதான்."

அதுதான் உண்மை. காதுகள் இருந்தன. யார் கையும் இல்லை. எதிரில் இருப்பவனை நம்பலாமா என்று யோசிக்கும் அந்தப் பார்வை, மூட்டையைப் பிரிக்கச் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் அவர் முகத்தில் வருவது, அப்படியே இருந்தது. நெவ்யானா அதுவரை எதையும் இவ்வளவு சரியாகச் செய்ததில்லை. கையில் இருந்த கேமராவைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டாள்.

மின்கோ வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு சின்னத் திரையில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் இல்லை.

"கேமரா சரியில்ல" என்றார்.

"என்ன சரியில்ல?"

"வயசைக் கூட்டிக் காட்டுது. அழி."

நெவ்யானா அழிக்கவில்லை. நாலு நாள்தான் இருக்கிறது என்றாள். காது இருக்கிறது, கோட்டு இருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்றாள். மின்கோ கையை நீட்டியபடி நின்றார். அவள் அழித்தாள். அவர் பார்த்தார். பிறகு பதினோரு லெவாவை மேசையில் வைத்துவிட்டு, டையைத் தளர்த்திக்கொண்டே வெளியே போனார்.

மிக்லேனா பெட்டியை ஒட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "படம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"இங்கே செருப்பு வாங்க வர்றவங்களைப் பார்த்திருக்கேன்க்கா. போட்டுப் பார்ப்பாங்க, வாசல் வரைக்கும் நடப்பாங்க, அளவு சரியில்லைன்னு திருப்பிடுவாங்க. அளவு சரியாத்தான் இருக்கும். அதைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டிய இடம் பிடிச்சிருக்காது."

நெவ்யானா அப்பாவை எட்டிப்பிடிக்கப் போகவில்லை. பாலத்தில் அவர் தனியாகப் போவது தெரிந்தது. பின்னாலிருந்து பார்க்க, எங்கோ விருந்துக்குப் போகிற ஆளைப் போல இருந்தார்.

அன்று மாலையே குழுவில் ஓர் எச்சரிக்கை வந்தது. போட்டவர் இரண்டாவது கேமராவை விற்க இருந்தவர்; வரிசையில் நின்ற யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். செவ்லியெவோவில் கோட்டும் டையும் போட்ட கிழவர் ஒருவர் கூரியர் அலுவலகத்தைத் தன் சொந்த ஸ்டுடியோவாக வைத்திருக்கிறார், நேர்மையான விற்பனையாளர்களின் கேமராக்களில் இலவசமாகப் படம் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புகிறார், ஜாக்கிரதை. இதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு பதில். சிலர் சட்டம் பேசினார்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன கப்ரோவோவுக்குப் பக்கத்து ஊர், வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றார்கள் சிலர். ஒருவர் அது எந்த லென்ஸ் என்று கேட்டார். இரண்டு பேர் தங்கள் ஊரிலும் இதைச் செய்ய முடியுமா என்று விசாரித்தார்கள். நேர்மையான விற்பனையாளர்களின் பட்டியலில் ஓட்டையை விற்றவனும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நெவ்யானாவுக்கு யாரும் பதில் போடவில்லை. மூன்றாவது கேமரா விற்றுப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை வார்னாவிலிருந்து ஒரு மாணவி மட்டும் பதில் எழுதினாள். அதே மாதிரிக் கேமரா, அதே லென்ஸ், நானூற்று இருபது, அறுபதாயிரம் படம் எடுத்தது. கீழே ஒரு கேள்வி: நீங்கள்தான் அந்தச் செவ்லியெவோ ஆளா?

அவர் மகள் என்று நெவ்யானா எழுதினாள். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அனுப்புகிறேன், ஆனால் பிரித்துப் பார்க்கும் வசதி இல்லை. பணம் கட்டிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.

இதை அவள் மின்கோவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். சொல்லாவிட்டால் அலுவலகத்தில் வைத்து வேண்டாம் என்பார். அதற்காவது ஒரு நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டாள். சனிக்கிழமை வர வேண்டிய பார்சல் மலைப்பாதையில் பனி விழுந்ததால் வரவில்லை.

திங்கட்கிழமை மின்கோ ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பிளெவென் பேருந்து ஒன்பது பத்துக்கு. எட்டரைக்கு இருவரும் கூரியர் அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள். மின்கோ பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் பை; அதில் செருப்பு, பைஜாமா, சோப்பு, ஆறு அவித்த முட்டை.

"கோட்டு?" என்று நெவ்யானா கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கோட்டுப் போட்டுக்கிட்டா போவாங்க? அலமாரியில இருக்கு."

லாரி எட்டு நாற்பத்தைந்துக்கு வந்தது. மிக்லேனா பெட்டியைக் கண்டுபிடித்து மேசையில் வைத்தாள், ஆனால் கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"மின்கோ மாமா, இதைப் பிரிக்க முடியாது. முதல்ல பணம்."

மின்கோ மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: எச்சரிக்கை, இருநூற்றுப் பன்னிரண்டு பதில், வார்னா மாணவி. தன்னைப் பற்றி நாடு பேசுகிறது என்பதை அவர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெட்டியைப் பார்த்த பார்வையில், முப்பத்தெட்டு வருஷக் கிடங்கு வேலையை யாரோ ஒரே நாளில் கேலி செய்துவிட்டது போல இருந்தது.

தூக்கிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். முகர்ந்தார்.

"உள்ள செங்கல் இருந்தா?"

"இருந்தா செங்கல்தான் மாமா" என்றாள் மிக்லேனா.

"விட்டுடலாம்பா" என்றாள் நெவ்யானா. "போன்ல ஒண்ணு எடுத்துக்கறேன். நேரமாச்சு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாக எட்டு நிமிஷம். கம்பளிச் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சுப் பக்கத்திலிருந்து பணப்பையை எடுத்தார். இரண்டுமுறை எண்ணினார். மிக்லேனா ஒருமுறை எண்ணினாள். அவர் பேனாவை வாங்கி, தாளின் அடியில், பிரிக்காத ஒரு பொருளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவைத் திருப்பித் தரவில்லை. யாரோ அதை அவர் கையில் மறந்துவிட்டுப் போனது போல நின்றார்.

செங்கல் இல்லை. நெவ்யானா நினைவு அட்டையைப் போட்டாள், லென்ஸைத் திருகினாள், அவர் நின்ற நிலையிலேயே எடுத்தாள். அவர் முகம் மங்கலாகிப்போய், பின்னால் இருந்த கட்டண அட்டவணை துல்லியமாக விழுந்தது. ஐந்து கிலோ வரை உள்ள பார்சலுக்கு என்ன கட்டணம் என்று நன்றாகப் படிக்க முடிந்தது.

மறைக்கப் பார்த்தாள். அவர் அதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதான் நானூத்தி இருபது லெவா படமா?"

"ஒண்ணுதானேப்பா எடுத்திருக்கேன்."

"சரி, இன்னொண்ணு எடு."

எடுத்தாள். அவர் அதைப் பார்க்கக் கேட்கவில்லை.

"இப்ப ஒண்ணு இருநூத்திப் பத்து" என்றார். "அநியாயம். இன்னும் எடு. மிக்லேனாவை எடு."

மிக்லேனாவை எடுத்தாள். நூற்று நாற்பது. மேசையை எடுத்தாள். பெட்டியை எடுத்தாள். கேமரா எத்தனை படம் வரை தாங்கும் என்று மின்கோ கேட்டார். ஒன்றரை லட்சம் என்கிறார்கள் என்றாள். அறுபதாயிரம் போனால் மிச்சம் தொண்ணூறாயிரம் என்று அவர் சொன்னபோது, அவர் முகத்தில் பல வாரமாக இல்லாத ஒரு மும்முரம் வந்திருந்தது. பொருள் கிடங்குக்கு வந்துவிட்டது. இனி அதை வீணாக்காமல் பார்க்க வேண்டும்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவர் வேலை வாங்கினார். அந்தச் சாக்கை எடு. டிரைவர் கழுத்தை எடு. ஜன்னலில் ஓடுகிற தண்ணீரை எடு. நீதான் தண்ணீர் பார்க்கிற ஆள் ஆச்சே. ஒரே பொருளை இரண்டுமுறை எடுத்தால் கணக்கில் சேராது என்று விதி போட்டார். ஒரே அழுத்தில் பத்துப் படம் எடுக்கும் வசதி இருப்பதை அவள் சொன்னதும், அது மோசடி என்றார். இந்த வார்த்தையை அவர் சொன்னது இந்த ஒரு மாதத்தில் அதுதான் முதல்முறை. முட்டையை உரித்தார். அவர் உரிப்பதை அவள் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை, அதுவும் ஓர் எண்ணிக்கை. பின் இருக்கைப் பெண்ணோடு முட்டை விலையைப் பற்றித் தகராறு செய்வதை எடுத்தாள். கொஞ்சநேரம் அவர் கண்ணை மூடினார். அதையும் எடுத்தாள். பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, வயல்களில் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு கிலோமீட்டர் எதையும் எடுக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

பிளெவெனில் இறங்கும்போது நூற்றுப் பதினெட்டு. மின்கோ பயணச்சீட்டின் பின்புறம் பென்சிலால் வகுத்தார். மூன்று லெவா ஐம்பத்தாறு ஸ்டோட்டிங்கி. ஸ்டுடியோ இருந்த காலத்தில்கூட ஒரு படத்துக்கு இவ்வளவு வாங்கியதில்லை என்றார். எதைக் கதவில் ஒட்டுவது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதை எடுத்தாள். காத்திருப்போர் பெஞ்சு, தீயணைப்புக் குப்பி, யாருடைய ஒற்றைச் செருப்போ. மின்கோ பெயரைக் கூப்பிட்டார்கள். வார்டு கதவுக்கு அப்பால் உறவினர் வரக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது என்று ஒரு நர்ஸ் சொன்னாள். பணம் கட்டியாச்சு என்று மின்கோ அவளுக்கு விளக்கினார். நர்ஸுக்குப் புரியவில்லை. பையை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போவேல்ல?" என்று மகளிடம் கேட்டார்.

"லீவு போட்டிருக்கேன்."

"அப்போ சும்மா உட்கார்ந்திருக்காதே. எடு. கண் முழிச்சதும் முதல்ல எண்ணிக்கைதான் கேட்பேன்."

அவள் கேமராவைத் தூக்கினாள். நர்ஸ் வேறு பக்கம் பார்த்தாள். மின்கோ டையைத் தேடிக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார், டை இல்லை. கை அங்கேயே நின்றது.

"எத்தனை ஆச்சு?"

"நூத்தி நாற்பது."

"எவ்வளவு விழுது?"

"மூணு லெவா."

"அதிகம்" என்றார் மின்கோ.

கதவு மூடியது. நெவ்யானா அதையும் எடுத்தாள். இரண்டு லெவா தொண்ணூற்றெட்டு.